புனைபெயர்க் கவிஞர்

தாமிரபரணியாற்றின் கரையை அடுத்து, பாளையங்கோட்டைக்கு அணித்தே அமைந்தது மேலப்பாளையம். நெடுங்காலமாக நெசவுத் தொழிலால் பெயர் பெற்ற ஊர் அது. தறியின் ஓசை தெருவெங்கும் ஒலித்த காலம் ஒன்று அங்கு இருந்தது. அவ்வூர்த் தறிகளில் நெய்த துணி சந்தைக்குச் சென்றபோது, நெய்தவர் பெயர் அதனுடன் சென்றதில்லை. வாங்க வந்தவர் துணியை விரித்துப் பார்ப்பார். விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். இழையின் நெருக்கத்தையும் சாயத்தின் உறுதியையும் ஆராய்வார். பின்னரே விலை பேசுவார். நெய்தவர் செல்வரா வறியவரா, முதியவரா இளைஞரா என்று எவரும் வினவியதில்லை. துணியே தனக்குச் சான்று கூறிற்று.

தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். சொற்களைப் பஞ்சாகவும், புலவனை அப்பஞ்சினை நூற்கும் மங்கையாகவும் உருவகம் செய்தார் நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர். இவ்வாறு நெசவும் புலமையும் ஒன்றோடொன்று உறவுடையனவாயினும், ஒரு வகையில் வேறுபடுகின்றன. துணியை அதன் தரம் கண்டு மதிக்கும் நாம், பாட்டை மட்டும் பெரும்பாலும் பாடியவர் பெயர் கண்டே மதிக்கின்றோம். புகழ் பெற்றவர் பாடினால் குறையும் நிறைவாகத் தோன்றுகிறது. பெயர் அறியாதவர் பாடினால் நிறைவும் கண்ணில் படுவதில்லை. இக்குறையினின்றும் தம் பாட்டைக் காத்துக்கொள்ளச் சில கவிஞர்கள் கண்ட வழிகளுள் ஒன்றே புனைபெயர். அவ்வாறு ஒரு பெயரைப் புனைந்துகொண்டு பாடிய நெல்லைக் கவிஞர் ஒருவரின் வாழ்வை இப்பாடத்தில் காண்போம்.

புனைபெயர் தமிழுக்குப் புதியதன்று. சங்கத் தொகை நூல்களில் புலவர் சிலருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பாடிய பாட்டில் அமைந்த அழகிய தொடரையே அவர்களுக்குப் பெயராக இட்டு வழங்கினர் நம் முன்னோர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்னும் பெயர்களை நோக்குங்கள். அப்புலவர்களின் ஊரை அறியோம், குலத்தை அறியோம், பெற்றோரை அறியோம். ஆயினும் அவர்தம் பாட்டு ஈராயிரம் ஆண்டுகளாக நின்று நிலவுகின்றது. ஆங்கே பாட்டு முன்னே நின்றது. பெயர் அதன் பின்னே வந்தது.

பத்திரிகைகள் தோன்றிய பின்னர்ப் புனைபெயர்கள் பெருகின. அரசாங்கத்தின் சினத்துக்கு அஞ்சிப் பெயர் மறைத்தவர் உண்டு. ஒரே இதழில் பல கட்டுரைகள் எழுத நேர்ந்தமையால் பல பெயர் பூண்டவரும் உண்டு. தாம் போற்றிய பெரியாரிடம் கொண்ட பற்றினால் பெயர் மாற்றிக் கொண்டவரும் உண்டு. எட்டயபுரத்தில் பிறந்து நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்ற பாரதியார், ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியிடம் கொண்ட ஈடுபாட்டினால் 'ஷெல்லிதாசன்' என்னும் பெயரையும் பூண்டிருந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

பாரதியாருக்குப் பின் அதே இந்துக் கல்லூரியில் பயின்றவர் விருத்தாசலம் என்னும் இளைஞர். அவர் 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை அரசாங்கத்தில் தாசில்தாராகப் பணி புரிந்தவர். எட்டு வயதிலேயே விருத்தாசலம் தாயை இழந்தார். தந்தையார் பணியினின்றும் ஓய்வு பெற்றதும் குடும்பம் 1918-இல் நெல்லைக்குத் திரும்பிற்று. மேலப்பாளையம் அமைந்துள்ள அதே கரையில் உள்ள வண்ணார்பேட்டையில் அவர் வளர்ந்தார். 1931-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டில் திருவனந்தபுரத்தைச் சார்ந்த கமலாம்பாளை மணந்தார்.

பட்டம் பெற்ற மகன் அரசாங்க உத்தியோகத்தில் அமர்வதே அக்காலத்துக் குடும்பங்களின் பெருவிருப்பமாக இருந்தது. விருத்தாசலமோ எழுத்தையே தொழிலாகக் கொள்ளத் துணிந்து சென்னை சென்றார். 1934 முதல் 'மணிக்கொடி' என்னும் இதழில் அவருடைய சிறுகதைகள் வெளிவந்தன. அக்கதைகளுக்கு அவர் இட்டுக்கொண்ட பெயரே 'புதுமைப்பித்தன்' என்பது. பித்தன் என்னும் சொல்லுக்கு அறிவு மயங்கியவன் என்பது பொருள். சுந்தரர் இறைவனை அழைத்த சொல்லும் அதுவே. ஏளனமும் பெருமையும் ஒருங்கே தோன்றும் அப்பெயர் சில ஆண்டுகளிலேயே தமிழ்நாடு முழுவதும் பரவிற்று. நெல்லைச் சீமையின் பேச்சு வழக்கைக் கதைமாந்தரின் வாயில் அப்படியே ஒலிக்கச் செய்தவர் அவர். எளியோரின் துன்பத்தையும் பெரியோரின் போலித்தனத்தையும் மறைக்காமல் எழுதினார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவர் என்று இன்று அவரைப் போற்றுகின்றோம்.

அவர் பூண்ட பெயர் இஃது ஒன்று மட்டுமன்று. மதிப்புரைகளும் விவாதக் கட்டுரைகளும் எழுதியபோது 'ரசமட்டம்' என்னும் பெயரையும் அவர் கையாண்டார். ரசமட்டம் என்பது கொத்தனார் கையாளும் கருவி. சுவர் சரிந்திருப்பின் அதனை உடனே காட்டிவிடும். கட்டியவர் யார் என்று அது பார்ப்பதில்லை. திறனாய்வு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது.

கவிதை எழுத முற்பட்டபோது அவர் மற்றொரு பெயரைத் தேர்ந்துகொண்டார். 'வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை' என்பது அப்பெயர். மாணவர்களே, இப்பெயரைச் சற்றே உரக்கச் சொல்லிப் பாருங்கள். நெற்றியில் திருநீறும் கையில் ஓலைச் சுவடியும் தாங்கிய பழம் பண்டிதர் ஒருவர் கண்முன் தோன்றுகின்றார் அல்லரோ? ஊர்ப்பெயர், தந்தையாரின் முதலெழுத்து, இறைவன் திருநாமம், குலப்பெயர் என எல்லாம் முறைப்படி அமைந்த பெயர் அது. புதுமைப்பித்தன் என்னும் பெயருக்கு நேர் எதிரானது. ஆனால் பாட்டைப் படிக்கத் தொடங்கியவுடன் வியப்புப் பிறக்கும். பழைய யாப்பின் ஓசை இருக்கும். அதனுள்ளே தெருவில் வழங்கும் பேச்சு துள்ளி ஓடும். பக்திப் பாட்டுப் போலத் தொடங்கியது கேலியாக மாறும். சிரித்துக்கொண்டே படிப்பவர் முடிவில் சிந்தனையில் ஆழ்வர். பழந்தமிழ்ச் செய்யுளில் தோய்ந்த பயிற்சி இல்லாதார்க்கு இவ்விளையாட்டு கைகூடாது.

கந்தசாமிப் பிள்ளை என்னும் பெயர் அவருடைய உரைநடையிலும் இடம்பெற்றது. 1943-இல் அவர் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் சிறுகதை புகழ் மிக்கது. கடவுள் மானிட உருவில் சென்னைக்கு வருகின்றார். மருத்துவ இதழ் ஒன்றை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை என்பவரைத் தெருவில் சந்திக்கின்றார். அவர் வீட்டில் விருந்தினராகத் தங்குகின்றார். வரம் வேண்டும் என்று அவரிடம் கைகூப்பாமல், சந்தா சேர்க்க முயல்கின்றார் பிள்ளை. கடவுளின் முன்னும் தலை வணங்காது தம் இயல்பில் நிற்கும் அம்மனிதரின் பெயரையே தம் கவிதைக்கும் ஆசிரியர் சூட்டினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

எழுத்து அவருக்குப் புகழைத் தந்தது, பொருளைத் தரவில்லை. 'தினமணி' நாளிதழில் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1943-இல் அதனின்றும் விலகிய பின் 'தினசரி' இதழில் சேர்ந்தார். பின்னர்த் திரைப்படத் துறை அவரை ஈர்த்தது. அங்கும் நிலையான வருவாய் கிட்டவில்லை. மனைவி ஓர் ஊரிலும் தாம் வேறோர் ஊரிலுமாகப் பல காலம் பிரிந்து வாழ நேர்ந்தது. அக்காலத்தில் அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வெளிவந்துள்ளன. அவற்றில் ஊரறிந்த எழுத்தாளரைக் காண்பதினும், குடும்பத்துக்குப் பணம் அனுப்ப இயலாமல் வருந்தும் விருத்தாசலத்தையே நாம் காண்கின்றோம். 'ராஜமுக்தி' என்னும் படத்துக்காகப் புனா நகரம் சென்றிருந்த வேளையில் எலும்புருக்கி நோய் அவரை முற்றும் பற்றிக்கொண்டது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அவர் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்திரண்டே.

கந்தசாமிப் பிள்ளை என்னும் பெயரில் அவர் பாடிய பாட்டுகளுள் 'ஓடாதீர்' என்பது ஒன்று. எழுத்தாளன் உயிரோடிருக்கும்போது அவனைக் கண்டு ஒதுங்கிச் சென்று, அவன் மறைந்த பின் நிதி திரட்டியும் நினைவுச் சின்னம் எழுப்பியும் ஆரவாரம் செய்யும் உலகத்தை அப்பாட்டு எள்ளி நகையாடுகின்றது. எழுதியவர்க்கே அப்பாட்டு மெய்யாயிற்று. அவர் மறைந்த பின் அவர் குடும்பத்துக்காக நிதி திரட்டப்பட்டது. அன்பர்கள் செய்த அவ்வுதவி குடும்பத்துக்குத் துணையாயிற்று என்பதில் ஐயமில்லை. எனினும், அதிற் பாதியளவு பரிவேனும் அவர் வாழ்நாளில் கிட்டியிருப்பின், இன்னும் எத்தனை கதைகளும் பாட்டுகளும் தமிழுக்குக் கிடைத்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சம் நோகின்றது. பெயரைப் போற்றுவதில் நாம் காட்டும் விரைவை, எழுத்தைப் போற்றுவதில் காட்டத் தவறினோம் அன்றோ?

அவருடைய வரலாற்றை 1951-இல் நூலாக எழுதியவர் அவருடைய இளைய நண்பரும் நெல்லையைச் சார்ந்தவருமான ரகுநாதன். நண்பரின் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்ட பெருமையும் அவரையே சாரும். கைத்தறி நெசவாளர்களின் பசியையும் போராட்டத்தையும் சித்திரித்து 1953-இல் அவர் எழுதிய 'பஞ்சும் பசியும்' என்னும் நாவல் தமிழ் இலக்கியத்தில் தனியிடம் பெற்றது. அம்பாசமுத்திரத்து நெசவாளர் துயரைக் கூறும் அந்நூலைப் படிக்கும்போது, தாமிரபரணிக் கரையில் தறி ஓடிய ஊர்கள் எல்லாம் நம் நினைவுக்கு வரும். இந்த ரகுநாதனும் கவிதை எழுதும்போது தம் பெயரை இடவில்லை. 'திருச்சிற்றம்பலக் கவிராயர்' என்று ஒப்பமிட்டார்!

இவ்வழக்கம் அவர்களோடு நின்றுவிடவில்லை. நெல்லையில் பிறந்த கல்யாணசுந்தரம் என்பார் சிறுகதைகளை 'வண்ணதாசன்' என்னும் பெயரிலும், கவிதைகளைக் 'கல்யாண்ஜி' என்னும் பெயரிலும் எழுதி வருபவர். சிறுகதைத் தொகுதி ஒன்றுக்காக 2016-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர். கதைக்கு ஒரு பெயர், கவிதைக்கு ஒரு பெயர் என்னும் இம்மரபு, பொருநை பாயும் நாட்டில் மூன்று தலைமுறையாகத் தொடர்ந்து வந்திருப்பதைக் காணுங்கள்.

இங்ஙனம் உரைநடைக்கும் பாட்டுக்கும் வெவ்வேறு பெயர் பூண்டவர்கள் பிற நாடுகளிலும் உளர். அவருள் ஒருவர் ஸ்காத்லாந்து நாட்டுக் கவிஞர் ஹியூ மக்டயார்மிட். அவருடைய இயற்பெயர் கிறிஸ்டோபர் மரே கிரீவ். 1892-இல் அந்நாட்டின் தென்பகுதியில் உள்ள லாங்ஹோம் என்னும் சிற்றூரில் ஓர் அஞ்சற்காரரின் மகனாகப் பிறந்தார். அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் மாடியிலேயே ஊர் நூலகம் இருந்தது. வறிய வீட்டுச் சிறுவனுக்கு அது பெருஞ்செல்வமாயிற்று. முதல் உலகப் போரில் படையின் மருத்துவப் பிரிவில் பணி புரிந்து திரும்பியவர், பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டார்.

கிரீவ் முதலில் ஆங்கிலத்திலேயே எழுதினார். நாட்டுப்புற மக்கள் பேசிய ஸ்காட்ஸ் மொழியில் உயர்ந்த கவிதை இனித் தோன்றாது என்பது அவர் கொண்டிருந்த கருத்து. பின்னர்ப் பழைய அகராதி ஒன்றைப் புரட்டியபோது, மறைந்துகொண்டிருந்த அம்மொழிச் சொற்களின் அழகில் உள்ளம் பறிகொடுத்தார். 1922-இல், தாமே நடத்திய இதழில், ஹியூ மக்டயார்மிட் என்னும் புதிய பெயரில் ஸ்காட்ஸ் மொழிக் கவிதைகளை வெளியிட்டார். நேற்றுவரை அம்மொழியைக் குறைகூறியவர் கிரீவ். இன்று அதில் பாடுபவர் மக்டயார்மிட்! 1926-இல் வெளிவந்த அவருடைய நெடும்பாட்டு அந்நாட்டு இலக்கியத்தில் ஒரு மறுமலர்ச்சிக்கு வித்திட்டது. அவரையும் வறுமை விடவில்லை. 1933 முதல் 1942 வரை வடகடலில் வால்சே என்னும் சிறு தீவில் மிக எளிய வாழ்வு வாழ்ந்தார். 1978-இல் அவர் காலமானபோது, ஸ்காத்லாந்தின் தலைசிறந்த கவிஞருள் ஒருவராக மதிக்கப்பட்டார். இன்றும் உலகம் அவரை மக்டயார்மிட் என்றே அழைக்கின்றது. புனைந்த பெயரே நிலைத்த பெயராயிற்று.

புதுமைப்பித்தனும் மக்டயார்மிட்டும் ஒருவரையொருவர் கண்டவரல்லர். ஆயினும் இருவர் வாழ்விலும் சில ஒற்றுமைகள் உள. இருவரும் பத்திரிகைத் தொழிலில் உழன்றவர். இருவரும் தம் நாட்டார் பேச்சுக்கு இலக்கியத்தில் இடம் தந்தவர். இருவரும் பகைக்கு அஞ்சாமல் விவாதம் புரிந்தவர். கவிதை பாட இருவர்க்கும் மற்றொரு பெயர் வேண்டியிருந்தது. பழகிய பெயரோடு பழகிய எதிர்பார்ப்பும் உடன் வருகின்றது. 'இவர் இப்படித்தான் எழுதுவார்' என்று படிப்பவர் முன்பே முடிவு செய்துவிடுகின்றனர். புதிய பெயர் அத்தளையை அறுக்கின்றது. வேடம் புனைந்த கூத்தன் தன் இயல்பை மறந்து ஆடுவது போல, பெயர் புனைந்த கவிஞனும் அதுகாறும் பாடாததைப் பாடும் துணிவு பெறுகின்றான்.

ஆனால் ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பெயரை மறைத்தல் எல்லாம் நன்மைக்கே என்று கொள்ளுதல் கூடாது. பிறரைப் பழித்து எழுதும் மொட்டைக் கடிதமும் பெயரின்றியே வருகின்றது. மொட்டைக் கடிதம் எழுதுபவன் தான் சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்க அஞ்சி ஒளிகின்றான். புனைபெயர்க் கவிஞனோ தான் பூண்ட பெயருக்கு உரிய பொறுப்பு முழுவதையும் ஏற்று, அப்பெயருக்குப் புகழ் தேடித் தருகின்றான். மக்டயார்மிட்டிடமும் ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. அவருடைய கவிதையை வெளியிட்ட இதழில், ஆசிரியர் கிரீவ் என்னும் முறையில் அவரே அதனைப் பாராட்டியும் எழுதினார்! புனைபெயர் இவ்வாறு தற்புகழ்ச்சிக்கும் திரையாகலாம். ஆதலின் பெயரைக் கண்டும் மயங்கலாகாது; பெயரோடு வரும் பாராட்டைக் கண்டும் மயங்கலாகாது.

யார் சொன்னார் என்பதை விடுத்து, சொல்லப்பட்டது மெய்யா என்று காண்பதே அறிவு எனத் திருவள்ளுவர் நமக்கு உணர்த்தியுள்ளார். புனைபெயர்க் கவிஞர்கள் நம்மிடம் வேண்டுவதும் அதுவே. 2002-இல் தமிழ்நாட்டு அரசு புதுமைப்பித்தனின் நூல்களை நாட்டுடைமையாக்கிற்று. அவற்றை இன்று எவரும் எளிதிற் பெறலாம். அத்தொகுதியில் கந்தசாமிப் பிள்ளையின் பாட்டுகளைக் காணும்போது, அவை ஒரு பெரிய எழுத்தாளருடையவை என்பதைச் சிறிது நேரம் மறந்துவிடுங்கள். முன்பின் அறியாத ஒருவர் உங்கள் கையில் தந்த பாட்டாக அவற்றைக் கருதுங்கள். துணி வாங்க வந்தவர் மேலப்பாளையத்துத் துணியை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தது போல, அச்சொற்களைத் தேய்த்துப் பாருங்கள். இழை நெருக்கமாயின் போற்றுங்கள்; நெகிழ்வாயின் நெகிழ்வு என்றே கூறுங்கள். நாளை உங்கள் ஊரில், உங்கள் தெருவில், பெயர் அறியாத ஒருவர் நல்லதொரு பாட்டை எழுதி வந்து காட்டும்போதும் அவ்வாறே செய்யுங்கள். அவர் வாழும் நாளிலேயே அவர் பாட்டைப் படித்து மதிப்பதே, வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளைக்கு நாம் ஆற்றும் நன்றிக்கடனாகும்.